ஏழாம் பாட்டில் விடப்பட்ட பெண்

எல்லிங்ஸ்ருட்டில் உள்ள சித்தி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அன்று இருந்தவர்கள் சித்தி, அம்மா, நான். இல்லாதவர்கள் இருவர்: வேலைக்குப் போயிருந்த சித்தப்பாவும், சித்தப்பாவின் இசைத்தட்டில் பாடிய அமெரிக்கக்காரரும். விசாரணை இந்த இருவரைப் பற்றித்தான்.

சித்தப்பா பழைய சாமான் சந்தையில் கன்ட்ரி என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு சீடி ஒன்று வாங்கிக் காரில் போட்டிருந்தார். அட்டையில் தொப்பிக்காரர் ஒருவர், பூட்டிய கடை வாசலில் தலை குனிந்து நின்றார். குறொன்லாண்ட் கடைத்தெருவில் மரக்கறி வாங்கிக்கொண்டு சித்தி திரும்பி வந்தபோது, சித்தப்பா காருக்குள் தனியே இருந்து அழுதுகொண்டிருந்தாராம். கேட்டதற்குத் தடிமன், மூக்கு ஓடுது என்றாராம். சித்திக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: தன்னைக் கட்டியதற்கு மனுசன் வருந்துகிறாரா?

எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பல்கலைக்கழகம் போனவன் நான். ஆகவே நகரசபையான கொம்யூன் அனுப்பும் கடிதம், வரிக் கடிதம், மருந்துப் போத்தல் எல்லாம் வாசிப்பதற்கு என்னிடம் வரும். இசைத்தட்டும் வந்தது. வரிக் கடிதத்துக்குரிய அதே கவனத்தோடு பன்னிரண்டு பாட்டையும் இலக்கமிட்டு மொழிபெயர்த்து வாசித்தேன். முதலாம் பாட்டில் அவர் குடித்தார். நாலாம் பாட்டில் வீடு போனது. ஏழாம் பாட்டில், கட்டியிருக்க வேண்டிய ஒருத்தியை ரயில் நிலையத்தில் விட்டுவிட்டு வந்ததற்காக வருந்தினார்.

"ஆர் அவள்?" என்று சித்தி கேட்டா.

பாட்டில் பெயர் இல்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இப்படியான வருத்தம் பொதுவாக எல்லா ஆண்களுக்கும் இருக்கக்கூடியது என்று ஒரு விளக்கமும் சேர்த்தேன். அம்மா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தா.

சித்தப்பா வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் ஏழாம் பாட்டு அவருக்கு வாசித்துக் காட்டப்பட்டது. ஒரு சப்பாத்தோடு நின்று கடைசிவரை கேட்டார்.

"உந்தக் கதையையே அவன் பாடினவன்?" என்றார். "எனக்கு எங்கை இங்கிலிசு விளங்குது? அவன் அழுறான், எனக்கும் அழுகை வருது. அவ்வளவுதான்."

சித்தி மொழிபெயர்ப்புத் தாளை மடித்து வைத்தா.

"அப்ப வீட்டிலை அழுங்கோவன். என்னை விட்டிட்டுக் காருக்குள்ளை என்ன அழுகை?"

வீட்டில் பாட்டுப் போட ஒன்றும் இல்லையே என்றார் சித்தப்பா. அது உண்மைதான். அடுத்த சனிக்கிழமை சித்தி, சித்தப்பா, நான் மூவருமாகப் பாட்டுப் பெட்டி வாங்க லோறென்ஸ்கூக் கடைக்குப் போனோம். உத்தரவாதப் பத்திரத்தை நான் வாசித்தேன். இப்போது அவர் சோபாவில் இருந்து அழுகிறார், சித்தி பக்கத்தில் இருந்து வெங்காயம் உரிக்கிறா. ஆர் எதற்கு அழுகிறார்கள் என்று என்னை ஒருவரும் கேட்பதில்லை. பெட்டி, இரண்டு ஸ்பீக்கர், வயர் எல்லாமாக ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு குரோணர்.