என் வீட்டில் எரியும் லைட்

மகளின் நர்சரியில் ஓர் ஆசிரியை தன்னை 'அவள்' என்று சொல்லும்படி எழுதிய சிறு அட்டையைச் சட்டையில் குத்தியிருக்கிறார். கனத்த குரல், நகங்களில் நீலப் பூச்சு. நாங்கள் இருக்கும் பர்மிங்காமில் இதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் பார்க்கிறேன். பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுப்பாரோ என்று வாசலிலேயே நிற்பேன். பிள்ளையைப் பிரிய முடியாமல் நிற்கிறேன் என்று நினைத்து அவர் எனக்கு நாற்காலி போடுவார்.

அந்த நாற்காலியில் இருந்தபோதுதான் எங்கள் ஊர் கல்முனையிலிருந்து பக்கத்து வீட்டுக்காரியின் செய்தி வந்தது. "ஒங்கட ஊட்டுல ஒவ்வொரு நாளும் பின்னேரத்தில லைட் எரியுது. வாடகைக்குக் குடுத்தீங்களா?"

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். வாப்பா எனக்குக் கட்டித் தந்த வீடு நாங்கள் இங்கு வந்ததிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. ஒரு திறப்பு என்னிடம், மற்றது உம்மாவிடம். கேட்டால், "ஊடு கூட்டப் போனன் மகள்" என்றார். தினமுமா கூட்டுவார்? எனக்குத் தெரியாமல் யாருக்கோ கொடுத்துவிட்டார் என்றே நினைத்தேன். வீடியோவில் வீட்டைக் காட்டச் சொல்லி விடாமல் நின்றேன்.

திரையில் வந்தது ரிஷான். தம்பி என்று நான் தூக்கி வளர்த்த பிள்ளை. முன்பு சாப்பிடாமல், கதைக்காமல் அறைக்குள்ளேயே கிடந்தபோது, உம்மாதான் தனக்குப் பிரஷர் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு அக்கரைப்பற்றில் மனநல டொக்டரிடம் கூட்டிப் போனார். இப்போது கொழும்பில் வேலை என்றல்லவா சொன்னார்கள்? தலைமுடி தோளில் விழ, என் பழைய சல்வாரில் பிள்ளை நின்றது.

"ராத்தா, ஒங்கட சல்வார் எனக்குக் கட்டை. இப்ப என்ட பேர் ரிஷானா. ஏசப் போறீங்களா?"

உம்மா போனைப் பறித்தார். "வாப்பா ஊட்டுக்குள்ள எடுக்கிறார் இல்ல. ஆம்புளப் புள்ளயெண்டா எங்கயும் கெடக்கும். பொம்புளப் புள்ளைக்கு ஊடு வேணுமே. இப்பதான் தின்னுது, தூங்குது. நீ வெளிய போகச் சொன்னா திரும்ப அப்பிடியே படுத்திரும்."

"இரிக்கட்டும்" என்றேன். சொன்ன பிறகும் பயம்தான். என் கணவருக்கு இன்னும் சொல்லவில்லை. உம்மா வேறு எதை மறைக்கிறாரோ? பக்கத்து வீட்டுக்காரி எங்கெல்லாம் கதைப்பாளோ? அவளுக்கு, "தங்கச்சி இரிக்கா" என்று மட்டும் பதில் போட்டேன்.

மறுநாள் ஆசிரியை மறுபடி நாற்காலி போட்டார். உங்களை வீட்டுக்குள் எடுத்தார்களா என்று கேட்க நினைத்தேன். கேட்கத் தெரியவில்லை.

பர்மிங்காம் வீட்டுத் திறப்போடு ஒரே வளையத்தில் கல்முனைத் திறப்பும் தொங்குகிறது. இனி ஊருக்குப் போனால் என் வீட்டுக் கதவை நான் தட்ட வேண்டும்.