ஊசி குதித்த இடத்தில் எஸ்தரின் குரல்

போன ஞாயிறு, ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மச்சான் வாயடைத்துப் போனார். இதை நான் கொண்டாடாமல் வேறு யார் கொண்டாடுவது?

விஷயம் இதுதான். என் மனைவி எஸ்தரும் அவள் அண்ணன் சாமுவேலும் சின்ன வயசில் சர்ச் பாடகர் குழுவில் இருந்தவர்கள். அந்தக் குழு ஒரு கிறிஸ்துமஸ் ரெக்கார்டு போட்டது. அதில் நாலு வரி எஸ்தர் மட்டும் தனியாகப் பாடுவாள். "அந்த நாலு வரியிலயும் நீ சுதி தப்பிட்ட ஏட்டி" என்று மச்சான் இன்றுவரை ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சொல்லிச் சிரிப்பார். இவள் இல்லவே இல்லை என்பாள். சாட்சி? அந்த ஒரே ரெக்கார்டு. அப்போது அவர்கள் வீட்டில் பிளேயர் கிடையாது. ரெக்கார்டு பரணில் கிடந்து அப்பளம் மாதிரி லேசாக நெளிந்துவிட்டது. அதை வெளியே தரவும் மாட்டார் மச்சான்.

நான் விடுவேனா? செகண்ட் ஹேண்டில் ரெக்கார்டைச் சுழற்றும் ஒரு டர்ன்டேபிள் வாங்கினேன். ஊசியைத் தாங்கும் நீளக் கை — டோன்ஆர்ம் — நல்ல கனம். அதோடு வந்த பழைய கார்ட்ரிட்ஜைக் கழற்றி டப்பாவில் போட்டேன். புதிதாக ஒன்று மாட்டினேன். ஊசியைப் பிடித்திருக்கும் சின்னப் பெட்டிதான்... ஆனால் விலை? வேண்டாம், எஸ்தரும் இதைப் படிப்பாள்.

போன மாதம் ராஜபாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் அதைத் தூக்கிக்கொண்டு போனோம். மச்சான் வீட்டு ஸ்பீக்கரில் மாட்டினோம். கோரஸ் வந்தது. நெளிந்த ரெக்கார்டு மேலே எழும்பி இறங்க இறங்க, டோன்ஆர்ம் தொட்டில் மாதிரி ஆடியது. எஸ்தர் பாட ஆரம்பிக்கும் இடத்தில்... டக்! ஊசி குதித்து அடுத்த பாட்டுக்கே போய்விட்டது.

"மைக் செட்டுக்காரவிய இப்படித்தான் செய்வாவ மாப்ள" என்று மச்சான் அஞ்சு ரூபாய்க் காசை ஊசிக்கு மேலே வைத்தார். எனக்கும் சரியென்றே பட்டது. ஊசி குதித்தால் காசு வைப்பதுதானே நம்மூர் வழக்கம்? ஆட்டம் இன்னும் மோசமானது. இந்த முறை கோரஸே முடியவில்லை.

"நீ பாடுனது ஊசிக்கே பொறுக்கல ஏட்டி!" மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். எஸ்தரின் கண் கலங்கியதைப் பார்த்தேன். எனக்கு ஆத்திரமாக வந்தது.

திரும்பும் வழியில் டர்ன்டேபிள் அவள் மடியில். ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் ஸ்கூட்டர் குதியாட்டம் போட்டது. "ஷாக் அப்சார்பர் இம்புட்டு மெத்துன்னு இருக்கையில இம்புட்டு கனத்த ஏத்தலாமா? மெல்லப் போங்க!" என்றாள்.

வண்டியை ஓரம் கட்டினேன். அதேதான்! புது கார்ட்ரிட்ஜில் ஊசியைத் தாங்கும் ரப்பர் ரொம்ப மெத்தென்று இருக்கும். லேசான டோன்ஆர்முக்குச் செய்தது. என்னுடையதோ கனம். மேடு பள்ளம் வந்தால் ஆடாமல் என்ன செய்யும்? நாங்கள் காசு வேறு வைத்து கனத்தை ஏற்றியிருக்கிறோம்! கனமான டோன்ஆர்முக்கு விறைப்பான கார்ட்ரிட்ஜ்தான் வேண்டும். டப்பாவில் கிடந்த பழசு அப்படிப்பட்டதுதான். அதற்கு ஒரு புது ஊசி மட்டும் வரவழைத்தேன்.

விலையைப் பார்த்து வாங்குகிறோம். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகுமா என்று யார் கேட்கிறோம்? மெஷினில் மட்டுமா?

போன ஞாயிறு மறுபடி போனோம். மச்சான் கையில் காசோடு நின்றார். "அத பையிலயே போடுங்க மச்சான்" என்றேன். ஊசி இறங்கியது. நெளிவோடு சேர்ந்து டோன்ஆர்ம் ஏறி இறங்கியது, ஆடவில்லை. கோரஸ் முடிந்தது. அடுத்து... எஸ்தரின் சின்ன வயசுக் குரல்! நாலு வரியும் அத்தனை சுத்தம். எனக்கு விசிலடிக்கத் தோன்றியது. அடித்தே விட்டேன்.

கடைசியில் எல்லோரும் சேர்ந்து பாடும்போது ஒரு பையனின் குரல் மட்டும் சுதியை விட்டு எங்கோ போய்க்கொண்டிருந்தது.

"இது எவன்லே, இந்தக் கத்து கத்துதான்?" என்றார் மச்சான்.

எஸ்தர் சிரிக்கக்கூட இல்லை. "நீதாம்ணே."

ரெக்கார்டை எடுத்துத் தன் பையில் வைத்தாள். மச்சான் தடுக்கவில்லை; கையிலிருந்த காசை அப்போதுதான் சட்டைப் பையில் போட்டார்!