இரண்டு ஆண்டுக் கணக்கு

செவ்வாய் காலை நிலாவெளி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தபோது மூதூர் ஹனீபாவின் அழைப்பு வந்தது. அவனும் நானும் ஒரே பௌதிகத் துறையில் விரிவுரையாளர்களாக இருந்தவர்கள்.

"மச்சான், அருளப்பு சேர் காலமாகிட்டார். நினைவு மலருக்கு நீதான் எழுதோணும். நல்லதாப் பாத்து எழுது."

"நல்லது மட்டும் எண்டா ஏலாது."

"அப்ப உள்ளதை எழுது. கொஞ்சம் குறைச்சு."

குறைத்துத்தான் எழுதுகிறேன்.

எங்கள் துறைத்தலைவர் அருளப்பு தொலைநோக்கியில் கண் வைத்து ஒரு விண்மீன் பேரடையையும் பார்த்தவரல்லர். நானும்தான். வெளிநாட்டார் இணையத்தில் விட்ட படங்களை இறக்கி, ரேடியோ அலையில் தெரியும் ஐதரசன் வாயுவையும் சாதாரண ஒளியில் தெரியும் விண்மீன்களையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்துவதே எங்கள் தொழில். வாயு இருக்கும்வரை பேரடையில் புது விண்மீன் பிறக்கும்; வாயு போனால் அது கிழண்டிப்போகும். "ஒரு கண்ணாலை பாக்கிறவன் பாதிக் குருடன்" என்பார் அருளப்பு. இரண்டு கண்ணாலும் பார்த்துப் பிழைவிட்டவர் அவர்.

ஒருமுறை அவர் பொருத்திய படத்தில் வாயு பேரடையை விட்டு வெகுதூரம் விலகி நின்றது. "அயல் பேரடை இழுத்துப்போட்டுது, ஐசே. பெரிய கண்டுபிடிப்பு." உடனே அவருடைய தேவாலயப் பங்கு மண்டபத்தில் பாராட்டுக் கூட்டம் ஒழுங்காகியது.

எனக்குச் சந்தேகம். பூமியின் அச்சு மெல்லத் திரும்புவதால், வானத்தில் இடம் குறிக்கும் எண்கள் காலத்தோடு மாறும். ரேடியோப் படம் பழைய ஆண்டுக் கணக்கில் இருந்தது, மற்றது புதியதில். மாற்றிப் பொருத்தினேன். வாயு நல்ல பிள்ளையாகப் பேரடைக்குள்ளேயே போய் உட்கார்ந்தது.

கூட்டத்துக்கு முன் போய்ச் சொன்னேன்.

"சேர், ரெண்டும் வேற வேற ஆண்டுக் கணக்கு."

மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, "நீர் இன்னும் நிரந்தரமாகேல்லை, என்ன?" என்றார்.

என் நிரந்தர நியமனத்துக்கு அவருடைய கையொப்பம் வேண்டும். கூட்டத்தில் முன்வரிசைக் கதிரையில் இருந்து கைதட்டினேன். எனக்குப் பிறகுதான் மற்றவர்கள் தட்டினார்கள்.

அவர் கட்டுரை அனுப்பிய ஆய்வுச் சஞ்சிகை இரண்டே வரியில் பிழையைக் காட்டி அதைத் திருப்பியது. படம் பொருத்தியவன் நான்தான் என்று அருளப்பு பல்கலைக்கழகத்துக்கு எழுத்தில் கொடுத்தார். நியமனம் போயிற்று, நகைச்சுவை எழுதிப் பிழைக்கும் நிலைக்கு வந்தேன். "பிழையை எடுத்துச் சொல்ல ஒருத்தரும் இல்லாமப் போச்சே" என்று என் முன்னாலேயே கவலைப்பட்டார். அந்த ஒரு வசனத்துக்காகவே அவரை நான் மன்னிக்கவில்லை.

அவரை அறிந்தவர்களே, மலரில் மேதை என்று எழுதப்போகிறீர்கள், எழுதுங்கள். லிங்கநகரில் அவர் வீட்டில் சவப்பெட்டியருகே நின்றபோது ஹனீபா காதுக்குள் கேட்டான்: "பிழை எண்டு தெரிஞ்சும் என்னத்துக்குடா கைதட்டின?"

அருளப்புவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இகழ்ச்சி. அதில் எவ்வளவு அவர்மேல், எவ்வளவு என்மேல் என்று பிரிக்கத்தான் இன்னும் ஏலாமல் இருக்கிறது.