வேனுக்குள் வைத்த கரி அடுப்பு

அந்தியூர் குதிரைச் சந்தைக்கு வாடகை வேனில் குடும்பத்தோடு கிளம்பினோம். வழியில் சமைக்க எந்த அடுப்பை எடுப்பது? கேஸ் என்றால் எனக்குப் பயம். மண்ணெண்ணெய் ஸ்டவ் நாறும். புகை வராது என்று கரி அடுப்பை எடுத்துக்கொண்டேன்.

சத்தியமங்கலம் தாண்டி ஆற்றோரம் சமைத்துச் சாப்பிட்டதும் மழை பிடித்துக்கொண்டது. கங்கில் தண்ணீர் ஊற்றப் போனேன். கணவரின் அக்கா தடுத்தார்.

"ஊத்தாத கண்ணு! சோறு போட்ட அடுப்ப தண்ணி ஊத்தி அணைச்சா ஆகாது. உள்ள வெச்சுரு, கதகதன்னு இருக்கும்."

அப்படியே வேனுக்குள் வைத்து, கண்ணாடிகளையும் மூடினோம். எல்லோரும் கேசட்டோடு சேர்ந்து பாட, நான் மட்டும் குடையோடு பாத்திரம் கழுவப் போனேன்.

திரும்பி வந்தபோது கேசட் மட்டும் பாடிக்கொண்டிருந்தது. உள்ளே கணவர், பிள்ளைகள், டிரைவர், அக்கா எல்லோரும் தலை சாய்ந்து கிடந்தார்கள். கூப்பிட்டேன். ஒருவரும் அசையவில்லை.

கதவுகளைத் திறந்து, அடுப்பை வெளியே உதைத்துத் தள்ளி, ஒவ்வொருவராக மழையில் இழுத்துப் போட்டேன். முதலில் கண் திறந்த அக்கா, "ஏங்கண்ணு எழுப்புன? நல்லாத் தூங்கீட்டிருந்தேனே" என்றார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கண் திறந்தார்கள்.

புகையே இல்லாத கங்கும் மூடிய இடத்தில் வாசமில்லாத விஷவாயுவை விட்டு ஆளைக் கொல்லுமாம். டாக்டர் பிறகு சொன்னார்.

இப்போது மண்ணெண்ணெய் ஸ்டவ்தான், அதுவும் மரத்தடியில்தான். பயணத்தில் பின்சீட்டுப் பாட்டு நின்றால், உடனே திரும்பி ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுகிறேன்.