முதல் சுற்றில் வீட்டுக்கு ஒரு குடம்

கம்ப்யூட்டர் விளையாட்டில் தண்ணீரைப் பங்கிடுவதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்றால் இன்றைக்கும் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இரண்டாயிரங்களின் நடுவில், புனேயில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்காக, இன்டர்நெட்டில் பல பேர் சேர்ந்து ஆடும் விளையாட்டு ஒன்றைச் செய்தோம். பாலைவனத்தில் ஓர் ஊர். ஆட வருகிறவர்கள் அங்கே வீடு கட்டி, பயிர் வைத்து, சந்தையில் வாங்கி விற்றுப் பிழைக்க வேண்டும். எதற்கும் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர்க் கணக்கு என் பொறுப்பு.

அப்போதுதான் அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். புனேயிலேயே கட்கியில் இருந்த தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, ஔந்துப் பக்கம் லிஃப்ட் வைத்த கட்டிடத்தில் வாடகைக்கு வந்திருந்தோம். வாடகை என் சம்பளத்தில். கட்கியில் அம்மா தெருக்குழாயிலிருந்து தண்ணீர் சுமந்தே இடுப்பைக் கெடுத்துக்கொண்டவள். இனி ஒரு குடம்கூட அவள் தூக்கக் கூடாது என்று பிடிவாதமாக நான் எடுத்த வீடு அது. எந்நேரம் திறந்தாலும் குழாயில் தண்ணீர் வரும். வேலை போனால் அந்த வீடும் போய்விடும். அதனால் அந்த விளையாட்டு பிழைக்க வேண்டியிருந்தது.

நான் போட்ட முதல் கணக்கில், ஊர்க்குழாயில் நாளுக்கு ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். அதை யோசித்துக்கூடப் போடவில்லை. குழாய் என்றால் அப்படித்தானே. ஆடிப் பார்த்த புனேப் பையன்களுக்கும் அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. விளையாட்டு வெளியானதும் கம்பெனிக்காரர் போனில் கூப்பிட்டார். குழாயில் ஏதோ கோளாறு, எப்போது திறந்தாலும் காய்ந்து கிடக்கிறது என்றார். கோளாறு இல்லை, தண்ணீர் விடும் நேரம் இன்னது என்றேன். "மற்ற நேரத்தில் தண்ணீர் எங்கே போகிறது?" என்று கேட்டார் அந்த மனிதர். எனக்குச் சுள்ளென்று வந்தது. அதைச் சொல்ல என்னிடம் இங்கிலீஷ் இல்லை.

சரி என்று, எந்நேரமும் வரும்படி திறந்துவிட்டோம். எல்லாருடைய தொட்டியும் நிரம்பிவிட்டது. கஷ்டப்பட்டுக் கிணறு வெட்டித் தண்ணீர் விற்றுக்கொண்டிருந்தவர்களிடம் ஒருவரும் வாங்கவில்லை. அவர்கள் ஆட்டத்தையே விட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் சந்தையும் படுத்தது.

எங்கள் குழுவில் சென்னையிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். "லாரி விடும்மா. எங்க ஊர்ல அதான் ஓடுது. காசு இருக்கறவன் வாங்கிப்பான், கணக்கு தானா சரியாயிடும்" என்றார். குழாயை மூடிவிட்டு அதையும் செய்தோம். பழைய ஆட்கள் லாரி வரும் முன்பே மொத்தத்தையும் பேசி வாங்கி, விலையை ஏற்றி விற்றார்கள். புதிதாக வருகிறவர்கள் நட்டது எல்லாம் காய்ந்தது. வந்த வேகத்தில் திரும்பிப் போனார்கள். புதியவர்கள் நிலைக்காவிட்டால் மாதக் கடைசியில் விளையாட்டை மூடிவிடுவதாகக் கம்பெனிக்காரர் எழுதிவிட்டார்.

"உங்க லாரி பண்ண வேலையைப் பாருங்க" என்று சென்னைக்காரரிடம் பாய்ந்தேன்.

"நீ மட்டும் என்ன? உன் ஒரு மணி நேரக் குழாய்லயும் பெரிய பெரிய தொட்டி கட்டினவன்தானே மொத்தத்தையும் இழுத்தான்?"

அவர் சொன்னது நியாயம். ஆனால் அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கட்கியில் எங்கள் வரிசைக் குழாயில் அப்படி நடக்காதே. குழாயடிச் சண்டை என்று ஏளனமாகச் சொல்வார்கள். நான் அதில் கைதேர்ந்தவள். சண்டை போட்டாலும் எங்களுக்கு ஒரு முறை இருந்தது. தண்ணீர் வரும் முன்பே ஒவ்வொரு வீட்டுக் குடமும் வரிசையில் வந்து உட்கார்ந்துவிடும். அதற்கு நம்பர் வைக்கிறது என்று பெயர். முதல் சுற்றில் வீட்டுக்கு ஒரு குடம்தான். கடைசி வீடும் பிடித்த பிறகே இரண்டாவது சுற்று. ஹண்டா என்கிற பெரிய பித்தளைக் குடம் ஆறு வைத்திருந்தாலும் மற்ற ஐந்தும் காத்திருக்க வேண்டும். நேற்றுக் குடிவந்த வீட்டுக்கும் முதல் சுற்றில் குடம் உண்டு.

அதை அப்படியே கணக்கில் போட்டேன். பல தேசத்து ஆட்களுக்கும் தோதாகக் குழாய் நேரத்தை மூன்று வேளையாக்கினேன். லாரியை எடுத்துவிட்டேன். சென்னைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனாலும் கூட உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்.

புதியவர்கள் பிழைத்தார்கள். குழாய் நேரத்தைத் தவறவிட்டவர்கள் கிணற்றுக்காரர்களிடம் வாங்கினார்கள், சந்தை மறுபடி நடந்தது. நாங்கள் நினைக்காத ஒன்றும் நடந்தது. குழாய் திறக்கும் முன்பே ஆட்கள் வந்து நின்றார்கள். நிற்கிற நேரத்தில் ஒருவருக்கொருவர் எழுதிப் பேசினார்கள். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தவர்கள்கூட வந்தார்கள். இன்னும் இரண்டு வருஷம் நடத்தலாம் என்று கம்பெனிக்காரர் எழுதினார்.

அன்று லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப் போய் அம்மாவுக்குக் காட்டினேன். திரையில் குடத்தோடு ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள்.

"என்னாடி பேசிக்கறாங்க?"

"என்ன பயிர் வெச்சாங்க, யாரு புதுசா வந்திருக்காங்க. அதான்."

அம்மா வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "கட்கிலயே ஒரு வூடு பாருடி" என்றாள். "குழாய் வெளிய இருந்தாலும் பரவால்ல. இங்க எதிர் வூட்டுக்காரி மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உனக்காகத்தானே இந்த வீடு, இதைக் காப்பாற்றத்தானே நான் ராப்பகலாக மண்டையை உடைத்துக்கொண்டேன் என்று கத்தினேன்.

"நான் கேட்டனா?" என்றாள்.

அவள் கேட்கவில்லைதான். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அடுத்த மாதம் கட்கி பஜாருக்குப் பின்னால் ஒரு வீட்டுக்குப் போனோம். தண்ணீரை நான்தான் தூக்க வேண்டும் என்று அம்மாவிடம் முதலிலேயே சத்தியம் வாங்கியிருந்தேன். முதல் நாள் காலையில் எழுந்து குடத்தைத் தேடினால் காணோம். வெளியே போய்ப் பார்த்தேன். எங்கள் குடம் வரிசையில் உட்கார்ந்திருந்தது. அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் தன் பாதி மராத்தியில் என்னைப் பற்றி ஏதோ குறை சொல்லிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வர இன்னும் நேரம் இருந்தது.