பெரிசு போடக் கொடுத்த படம்

நம் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கும் என் அம்மாவின் படத்தில், இடது தோளருகே பிறை மாதிரி ஒரு ஊதாக் கோடு இருக்கிறதே, அது என்ன என்று போன வாரம் பிள்ளைகள் நீங்கள் இரண்டு பேரும் கேட்டீர்கள். புடவைக் கரை என்று சொல்லிச் சமாளித்தேன். அது கரை இல்லை. ரப்பர் ஸ்டாம்பின் விளிம்பு. உங்களிடம் பொய் சொன்னது அன்றிலிருந்து உறுத்துகிறது. வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஆவடியில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். வேலை அம்மாவுக்குத்தான் அங்கே. சிப்பாய்களுக்கு உடுப்புத் தைக்கும் தொழிற்சாலையில் அம்மா மிஷின் ஓட்டினாள். அப்பா அம்பத்தூரில் ஒரு சின்னப் பட்டறைக்கு சைக்கிளில் போய் வருவார்.

அம்மாவின் வரிசையில் அவளோடு இன்னும் மூன்று பேர். மூன்று பேரையும் நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ஒருவர் திருநெல்வேலி, ஒருவர் ஆற்காடு, இன்னொருவர் பக்கத்திலேயே சென்னீர்குப்பம். சென்னீர்குப்பத்து அத்தை பேசினால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். இந்த நாலு பேருக்கும் மத்தியானச் சாப்பாட்டில் ஒரு சட்டம் உண்டு. தன் டப்பாவைத் தான் சாப்பிடக் கூடாது. அதை வலது கைப் பக்கம் இருப்பவருக்குத் தள்ளிவிட்டு, இடது பக்கத்திலிருந்து வருவதைச் சாப்பிட வேண்டும். சட்டத்தை மீறினால் மறுநாள் நாலு பேருக்கும் மீறினவர்தான் சமைத்து வர வேண்டும். பதினோரு வருஷம் இப்படியே சாப்பிட்டார்கள். அம்மா எப்போதாவது எங்களுக்கு ஏதாவது நன்றாகச் செய்தால், "இது ஆற்காட்டு கை" என்பாள்.

அந்த வருஷம் அம்மா வியாழக்கிழமைதோறும் ரயில் ஏறி மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தாள். வயிற்றில் ஏதோ கட்டி, மருந்து கொடுத்துக் கரைக்கிறார்கள் என்று சொன்னார்கள். திரும்பி வரும்போது சென்ட்ரலில் எனக்கு ஒரு கிரீம் பன் வாங்கி வருவாள். அதனால் எனக்கு வியாழக்கிழமை என்றால் ஆஸ்பத்திரி நாள் இல்லை, பன் நாள். வாரத்தில் இரண்டு நாள் போனால் என்ன என்று ஒருமுறை கேட்டுக்கூட இருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் திராட்சை ஒயின் போடுவது வழக்கம். நவம்பர் மாதம் கறுப்புப் பன்னீர் திராட்சையைப் பிசைந்து, சர்க்கரையும் ஒரு கைப்பிடி கோதுமையும் நாலு கிராம்பும் போட்டு, பீங்கான் ஜாடியில் துணி கட்டி வைப்பாள். தினமும் ஜெபம் முடிந்ததும் மரக்கரண்டியால் கிளறுவது என் வேலை. கிறிஸ்துமஸ் பூசை முடிந்து வந்ததும் ஆளுக்கு ஒரு சின்னத் தம்ளர். ஆனால் அந்த கிறிஸ்துமஸுக்கு அம்மா ஜாடியைத் திறக்கவே இல்லை. வந்தவர்களுக்கெல்லாம் கல்கலாவும் முறுக்கும் கொடுத்து, "ஒயின் இன்னும் தெளியல" என்று சொல்லி அனுப்பினாள். எல்லோரும் போன பிறகு நான் துணியை விலக்கிப் பார்த்தேன். மேலே கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது.

"தெளிஞ்சுதானேம்மா இருக்கு?"

"இருக்கட்டும்டா. இத ஃபாரின்ல போய்க் குடிக்கப் போறோம்."

ஃபாரின் என்றது நேபாளத்தை. சில வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு ஊர் சுற்றிப் பார்க்க அம்மாவின் தொழிற்சாலையில் ரயில் செலவு தருவார்கள். எல்.டி.சி. என்பார்கள். நாலு பேரும் ஒன்றாக எழுதிக் கொடுத்து, வடக்கே எல்லைவரை ரயிலில் போய், அங்கிருந்து சொந்தச் செலவில் நேபாளம் போவது என்று முடிவாயிற்று. எங்களுக்குத் தெரிந்து பாஸ்போர்ட் வேண்டாத வெளிநாடு அது ஒன்றுதான். ஏன் இத்தனை தூரம் என்று அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கேட்டதற்கு அம்மா, "பனி மலைய ஒரு தடவ பாக்கணும்டா" என்றாள்.

மே மாதம் நாங்கள் மூன்று பேரும் அத்தைமார்கள் மூன்று பேரும் கிளம்பினோம். பம்ப் ஸ்டவ், அரிசி, பருப்புப் பொடி, அப்பளம், நெத்திலிக் கருவாடு எல்லாம் மூட்டையாக வந்தன. ஒயின், ஸ்குவாஷ் பாட்டிலில் ஊற்றி அம்மாவின் புடவைக்குள் சுருட்டப்பட்டு வந்தது. ஆற்காட்டு அத்தையின் தம்பி மஸ்கட்டிலிருந்து கொண்டு வந்த கேமராவும் வந்தது. படம் எடுப்பது அப்பா. கேமரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காவல் காப்பது நான். முப்பத்தாறு படம் எடுக்கலாம் என்றார்கள். எங்கள் வீட்டில் அதுவரை அம்மாவின் படம் என்று மாட்டியிருந்தது கல்யாணப் படம் ஒன்றுதான். அதில் அவள் தலையைக் குனிந்துகொண்டிருப்பாள். நெற்றியும் பூவும்தான் தெரியும்.

எல்லையில் ஒரு போலீஸ்காரர் மூட்டையைப் பிரித்து பாட்டிலை எடுத்துவிட்டார். அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. சென்னீர்குப்பத்து அத்தை முன்னால் போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகிக் காட்டி, "மர்ந்து சாரே, மர்ந்து! வவுத்து நோவுக்கு!" என்றார். போலீஸ்காரருக்கு ஒரு எழுத்து புரிந்திருக்காது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். எல்லோரும் சிரித்தோம். வயிற்று நோவு என்று அத்தை சொன்னதும் அம்மா மட்டும் ஒரு நொடி அத்தையைப் பார்த்தாள். அத்தை நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்கு அது அப்போது வேடிக்கையாக இருந்தது.

வெளிநாடு என்றால் தரையே வேறு நிறத்தில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். எல்லை வளைவைத் தாண்டினால் அதே சேறு, அதே எருமை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் மலைப்பாதையில் பஸ் ஏறி ஒரு ஏரிக்கரை ஊருக்குப் போன பிறகுதான் சமாதானம் ஆனேன். ஒரு அம்மாள் நடத்திய சின்ன விடுதியில் தங்கினோம். இரண்டு நாளும் ஒரே மேகம், மலையைக் காணோம். மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு மழை அடித்து ஓய்ந்தது. முற்றத்தில் அத்தைமார்கள் ஸ்டவ்வில் பருப்பு கடைந்து நெத்திலி பொரித்துக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலி அத்தை கரண்டியைப் போட்டுவிட்டு, "ஏ, அங்க பாரு பிள்ள!" என்றார்.

வீட்டுக் கூரைக்கு மேலே, வானத்தில் பாதி உயரத்துக்கு, வெள்ளையாக நின்றது.

அம்மா உள்ளே போய் பாட்டிலை எடுத்து வந்தாள்.

அங்கேயே பாய் விரித்து எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். ஸ்டீல் தம்ளர்களில் ஒயின் ஊற்றினார்கள். ஆறு மாதம் கிடந்த ஒயின். எனக்கு ஒரு மூடி அளவு கிடைத்தது, காதுவரை சுட்டது. வெளிநாட்டிலும் பழைய சட்டம்தான் என்று சொல்லித் தட்டுகளை வலது பக்கம் தள்ளினார்கள். அம்மா என்னைத் தன் வலது பக்கத்தில் உட்கார வைத்திருந்தாள். அவள் தட்டு எனக்கு வந்தது. இடது பக்கத்திலிருந்து சென்னீர்குப்பத்து அத்தையின் தட்டு அவளுக்குப் போனது. அதிலிருந்து ஒரு நெத்திலியை எடுத்து மோந்து பார்த்தாள். பிறகு அந்தத் தட்டையும் மெதுவாக என் பக்கம் தள்ளினாள். இரண்டு தட்டு நெத்திலி! நான் தலை நிமிராமல் தின்றேன். சட்டம் மீறினதாக அன்று யாரும் அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் தம்ளரை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வாயாகக் குடித்தாள்.

விடுதி அம்மாளுக்கும் ஒரு தம்ளர் கொடுத்தோம். குடித்துவிட்டுக் கண்ணை அகல விரித்து, உள்ளே ஓடிப்போய், தான் வீட்டில் காய்ச்சினதை ஒரு செம்பில் கொண்டு வந்தார். சென்னீர்குப்பத்து அத்தைதான் முதலில் வாயில் வைத்தார். முகம் கோணிக்கொண்டது.

"ஐயே! இன்னாமே இது, நம்ம சூப்பர்வைசரு மூஞ்சி மாதிரி கீது!"

அம்மா சிரித்தாள். சாதாரணமாக வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பவள், கையில் தம்ளர் இருந்ததால் பொத்த முடியாமல், தலையைப் பின்னால் சாய்த்து, கொண்டை அவிழ, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பின்னால் அந்த மலை. தமிழ் தெரியாத விடுதி அம்மாளும் சேர்ந்து சிரித்தார். அப்பா கேமராவைத் தூக்கியது எனக்குத் தெரியும். கிளிக் என்ற சத்தம் கேட்டது. அம்மா அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பின்னாலும் பார்க்கவில்லை.

திரும்பும் ரயிலில் அம்மா கீழ்ப் படுக்கையில் படுத்தே வந்தாள். ஒரு பகலில் அப்பா தண்ணீர் பிடிக்க ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறங்கியிருந்தார். அத்தைமார்கள் எதிரில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"ஏண்டா, நான் சிரிச்சது அதுல விழுந்திருக்குமா?"

"எதுல?"

"கேமராவுல. சொல்லாம எடுத்தாரே. நல்லா விழுந்திருந்தா, உனக்குன்னு ஒண்ணு இருக்கும்."

எனக்குத் தெரியவில்லை. பார்த்துச் சொன்னால் சந்தோஷப்படுவாள் என்று தோன்றியது. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, நல்ல வெயிலில், கேமராவின் பின்பக்கத்தைத் திறந்தேன். உள்ளே படம் எதுவும் இல்லை. பழுப்பாக ஒரு நாடா சுற்றியிருந்தது. அம்மா உள்ளே எங்கேயாவது இருப்பாள் என்று அதை ஒரு முழம், இரண்டு முழம் இழுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மலையும் இல்லை, அம்மாவும் இல்லை. பயந்துபோய், இழுத்ததை எப்படியோ உள்ளே திணித்து மூடிவிட்டேன்.

"விழுந்திருக்கும்மா. பார்த்தேன். நல்லா இருக்கு," என்றேன்.

"சரி," என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஊர் வந்ததும் அப்பா சுருளை ஆவடி மார்க்கெட் பக்கம் இருந்த ஸ்டுடியோவில் கொடுத்தார். பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் ஒரு மஞ்சள் உறையோடு வந்தார். நான் வாசலில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தேன். அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு வெகுநேரம் உள்ளே போகாமல் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"கேமரா பைய யார்கிட்டயாவது குடுத்தியாடா?"

"இல்லப்பா. என் தோள்லயேதான் இருந்துது."

அடி விழப் போகிறது என்று கண்ணை இறுக்கிக்கொண்டேன். தலைமேல் கை மட்டும் வந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

அந்த உறையில் என்ன இருந்தது என்பதை நான் பார்த்தது முப்பது வருஷம் கழித்து, அப்பா போன பிறகு, அவர் பெட்டியில். மூன்றே மூன்று படம்: சென்ட்ரல் பிளாட்பாரத்தில் மூட்டைகள், எல்லை வளைவு, ஒரு எருமை. மற்றது முழுவதும் வெளிச்சம் பட்டுப் போயிருந்தது. முதலில் எடுத்தது உள்சுற்றில் இருந்ததால் தப்பித்திருக்கிறது. கடைசியில் எடுத்ததைத்தான் நான் முதலில் வெயிலில் இழுத்திருக்கிறேன்.

ஆனால் அன்றைக்கு அப்பா உள்ளே போய் அம்மாவிடம் சொன்னது வேறு. நான் ஜன்னல் வழியாகக் கேட்டேன். "படம் நல்லா வந்திருக்கு. நீ சிரிச்சது ரொம்ப நல்லா வந்திருக்கு. பெரிசு போடக் குடுத்துட்டு வந்திருக்கேன்."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. நான் திறந்ததில் ஒன்றும் ஆகவில்லை! அப்படியே பம்பரத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அடுத்த ஞாயிறு அத்தைமார்கள் மூன்று பேரும் டப்பாக்களோடு வந்தார்கள். அம்மா கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. அப்பா அவர்களை வாசலிலேயே நிறுத்தித் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். ஆற்காட்டு அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சென்னீர்குப்பத்து அத்தைதான் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலில் உள்ளே போனார்.

"அந்த ஸ்டூடியோக்காரன் காட்னாம்மே. ஐயோ, இன்னா சிரிப்பு சிரிக்கிறே நீ! முப்பத்திரண்டு பல்லும் தெரியுது. கொண்ட அவுந்து தொங்குது. பின்னாடி மலை வேற."

"மலையும் விழுந்திருக்கா?" என்று அம்மா கேட்டாள்.

"மலை இன்னா மலை. நீதான் அத்த மறைச்சிகினு கீறியே."

அம்மா உதட்டை மட்டும் விரித்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு யார் வந்தாலும் அந்தப் படத்தைப் பற்றித்தான் கேட்பாள். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சேர்த்துச் சொல்வார்கள். வளையல் தெரிவதாக ஒருவர், தம்ளர் மின்னுவதாக ஒருவர். நானும் சொன்னேன்.

வியாழக்கிழமைப் பயணம் நின்றுபோனது. பன் கிடைக்கவில்லை என்று எனக்குக் குறை. ஆடி மாதக் கடைசியில் ஒரு காலையில் அம்மா இறந்துபோனாள்.

நாற்பதாம் நாள் பூசைக்கு முந்தின தினம் அப்பா சுவரில் ஆணி அடித்தார். மாட்டின படத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்தபோது அடையாள அட்டைக்காக எடுத்த படம். யாரோ அதட்டினது போல முறைத்துக்கொண்டிருந்தாள். அட்டையின் முத்திரையை ஸ்டுடியோக்காரர் பெயின்ட் வைத்து மறைத்தது போக, தோளில் பிறை மாதிரி கொஞ்சம் மிஞ்சியிருந்தது.

"இது வேணாம்பா! அந்தச் சிரிச்ச படத்த மாட்டுங்கப்பா! அம்மாவுக்கு அதுதான் புடிக்கும்!"

வீட்டில் நிறையப் பேர் இருந்தார்கள். அப்பா சுத்தியலோடு ஸ்டூல் மேலேயே நின்றுவிட்டார். நான் விடாமல் கத்தினேன். சென்னீர்குப்பத்து அத்தை வந்து என்னை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

"பெருசு போட குட்த்துகீது கண்ணு. வந்துடும். பெருசா வர்றதுக்கு நாளாவும் இல்ல?"

நியாயமாகத்தான் பட்டது. அன்றிலிருந்து ஸ்கூலுக்கு மார்க்கெட் வழியாகச் சுற்றிக்கொண்டு போவேன். ஸ்டுடியோ வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் பெரிசு போட்ட படங்களை வரிசையாக வைத்திருப்பார்கள். ஒரு கல்யாணப் பெண், குப்புறப் படுத்த ஒரு குழந்தை, மீசை வைத்த ஒரு பட்டாளத்துக்காரர். அம்மா இன்னும் வரவில்லை. என்னைப் பார்த்ததும் ஸ்டுடியோக்காரர் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு, கறுப்புத் திரையை விலக்கிக்கொண்டு இருட்டு அறைக்குள் போய்விடுவார். பாவம், இவருக்கு எத்தனை வேலையோ என்று நினைத்துக்கொண்டு, நாளைக்கு வந்து பார்க்கலாம் என்று ஸ்கூலுக்கு நடப்பேன்.