படிக்காத அறுபத்து மூன்று கடிதங்கள்

தடித்த புத்தகங்களின் கடைசியில் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்குமே, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று, அதைத் தயாரிப்பதுதான் அக்காவின் வேலை. சட்டம், மருத்துவம், நிலத்தடி நீர் என்று எதைப் பற்றிய புத்தகமானாலும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே நிதானத்தில் படிப்பாள். இருபத்தாறு வருஷமாக அதே சன்னலோர மேசை. பதிப்பகத்தார் பக்கங்களை மின்னஞ்சலில் அனுப்புவார்கள். அவள் பட்டியலை மின்னஞ்சலிலேயே திருப்பி அனுப்புவாள். "அக்கா கண்ணுல படலைன்னா அந்தச் சொல் புத்தகத்துலயே இல்லைன்னு அர்த்தம்" என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. அது காதில் விழும்போது அவளுக்கு உள்ளுக்குள் குளிரும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. அம்மா போனபோது அவளுக்குப் பத்தொன்பது, தம்பிக்கு எட்டு. அன்றிலிருந்து அவனுக்குத் தலை வாரியதும், பரீட்சைத்தாளில் கையெழுத்துப் போட்டதும், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள்தான். அப்பாவும் தம்பியும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் தனக்கு என்று பழகியவள். கல்யாணப் பேச்சு வந்தபோதும் அதே வரிசையில் தன்னைக் கடைசியில் நிறுத்திக்கொண்டாள். வரிசை அவள் வரைக்கும் வந்து சேரவே இல்லை. தம்பி படித்து, ஒன்றரை நாள் ரயில் பயணத் தூரத்தில் வேலை கிடைத்து, அங்கேயே குடும்பமாகிவிட்டான். வீட்டில் அவளும் அப்பாவும் மிஞ்சினார்கள். ஆறு வருஷத்துக்கு முன் அப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

ஒரு வியாழக்கிழமை காலை கணினியைப் போட்டதும் உள்ளேயிருந்து டொக் டொக் என்று சத்தம் வந்தது. திரை கறுப்பாகவே நின்றது. திங்கட்கிழமை அனுப்ப வேண்டிய பட்டியல் பாதியில் அதற்குள் இருந்தது. தெருமுனையில் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவரைக் கூப்பிட்டாள். எந்த வேலைக்குப் போனாலும் சட்டைப் பையில் நாலு ஸ்குரு மிச்சம் கொண்டுவருவார் என்பதால் அவருக்கு ஸ்குரு என்றே பெயர் ஆகிவிட்டது. அவரும் அதைக் கடைப் பலகையிலேயே எழுதி வைத்துவிட்டார்.

ஸ்குரு பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்டார்.

"ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு அக்கா. முழுசா போகல, இழுத்துக்கிட்டு கிடக்கு. புதுசு மாத்திடலாம். ஆனா பேச்சு மூச்சு இருக்கும்போதே பழசுகிட்ட கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டு வாங்கிடணும்."

"என் மெயில் எல்லாம் அதுலதான் இருக்கு" என்றாள் அக்கா. பதிப்பகம் அந்தக் காலத்தில் எடுத்துக் கொடுத்த கணக்கு அது. கடிதம் வந்ததும் கணினியில் இறங்கிவிடும். வேறெங்கும் பிரதி இருக்காது.

"அப்போ அதைத்தான் முதல்ல காப்பாத்தணும்" என்று சொல்லி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் மதியம் கொண்டுவந்து மாட்டினார். பாதிப் பட்டியல் பத்திரமாக வந்திருந்தது. அக்காவுக்குப் போன உயிர் திரும்பியது. அடுத்து மின்னஞ்சல். கடிதங்கள் இருந்த கோப்புகளைப் பழைய டிஸ்க்கிலிருந்து எடுத்து வைத்திருந்தார். அதைப் புதியதில் உரிய இடத்தில் போட்டார். கணக்கின் பெயர், கடவுச்சொல், எங்கிருந்து வாங்குவது, எது வழியாக அனுப்புவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அக்கா பால் கணக்கு நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துச் சொன்னாள். பச்சைக் கோடு ஒன்று மெதுவாக நிறைந்து முடிந்ததும், இடது பக்கத்தில் ஃபோல்டர்கள் மேலிருந்து கீழே வரிசையாக வந்து நின்றன.

"எல்லாம் வந்துடுச்சு அக்கா. பதிப்பகம், பில்லு, அனுப்பினது, பழசு. பழசுக்குள்ள ஒண்ணு இருக்கே, 'பிறகு'ன்னு. அதுல அறுபத்து மூணு படிக்காம கிடக்கு. பாத்தீங்களா?"

"என்ன பிறகு?" என்றாள் அக்கா.

நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. பழைய கணினியில் 'பழசு' எப்போதும் மூடியே கிடக்கும். வருஷக்கணக்காக அவள் அதைத் திறந்ததில்லை. புதிதாகப் போட்டதில் எல்லாம் தானாக விரிந்துகொண்டு, 'பிறகு' என்ற சொல் கறுத்துத் தடித்து நின்றது.

ஸ்குரு திரையில் வேறொரு சன்னலைத் திறந்தார். "இதோ, நீங்க ஒரு விதி போட்டு வச்சிருக்கீங்க. இந்த முகவரியிலிருந்து எது வந்தாலும் நேரா அதுக்குள்ள போயிடணும்னு. தலைவிதின்னா மேல இருக்கறவன் எழுதினதும்பாங்க. இது நீங்களே எழுதினது." சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு முகவரியை உரக்கப் படித்தார்.

அது தம்பியின் முகவரி.

"இந்த விதி திரும்ப வேணுமா அக்கா, எடுத்துடட்டுமா?"

அவள் முகத்தைப் பார்த்த ஸ்குரு, மறுபடி கேட்காமலேயே அதை எடுத்துவிட்டு, சாயங்காலம் வருகிறேன் என்று கிளம்பினார்.

நடந்தது இதுதான். அப்பா பதினோரு மாதம் படுக்கையில் இருந்தார். அக்கா பட்டியல் வேலையை அவர் கட்டிலுக்குப் பக்கத்துக்கே கொண்டுபோய்விட்டாள். தம்பி தினமும் போன் பண்ணுவான். டாக்டர்கிட்ட அதைக் கேட்டியா, இந்த மாத்திரையை மாத்தினியா என்று ஒன்றரை நாள் தூரத்திலிருந்து வைத்தியம் நடத்துவான். பொறுத்துக்கொண்டாள். கடைசியில் அவன் ரயிலில் வந்துகொண்டிருந்தபோதே அப்பா போய்விட்டார். வந்தவன் கூடத்தில் அத்தனை பேர் நடுவில், "ஒரு வாரம் முன்னாடியே ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தா அப்பா இருந்திருப்பார் அக்கா" என்று சொல்லிவிட்டான். அவன் ஊர் திரும்பிய நான்காம் நாள் ஒரு கடிதம் வந்தது. அதைத் திறக்காமல் கையால் இழுத்து ஒரு புது ஃபோல்டரில் போட்டாள். கோபம் ஆறட்டும், பிறகு படிக்கலாம் என்று அதற்கு அந்தப் பெயரை வைத்தாள். இனி வருவதும் அங்கேயே போகட்டும் என்று விதியும் போட்டாள். அதோடு விடவில்லை. வீட்டுத் தொலைபேசியைத் துண்டித்தாள், கைபேசி எண்ணையும் மாற்றிக்கொண்டாள். சித்தியிடம், "அவன் பேச்சை என்கிட்ட எடுக்காதீங்க" என்று சொல்லி வைத்தாள்.

விதி சொன்னபடி வேலை செய்தது. கண்ணெதிரே ஒரு கடிதமும் வரவில்லை. ஆறேழு மாதத்தில் அவள் விதியையே மறந்துபோனாள். கடிதம் வராதது மட்டும் நினைவில் நின்றது. "வளர்த்தவளுக்கு ஒரு வரி எழுதணும்னு அவனுக்குத் தோணலை பாருங்க" என்று எதிர்வீட்டு டீச்சரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். பொய் சொல்கிறோம் என்று ஒரு தடவைகூட அவளுக்கு உறைத்ததில்லை.

இப்போது முதலாவதைத் திறந்தாள்.

"அக்கா, அன்னைக்கு நான் சொன்னது பெரிய தப்பு. ரயில்ல வரும்போது செய்தி கேட்டதும் புத்தி பேதலிச்சுப் போச்சு. நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். என்னை மன்னிச்சிடு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அப்பா கடைசியா என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

நான்காம் நாளே எழுதியிருக்கிறான். அன்றைக்கே படித்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்ததைத் திறந்தாள்.

முதல் வருஷத்தில் வாரம் ஒன்று எழுதியிருந்தான். பெண் பள்ளிக்கூடம் சேர்ந்ததை, வீடு மாறியதை, தனக்கும் அப்பா மாதிரி முன்மண்டை வழுக்கையாவதை எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவன் போல எழுதியிருந்தான். நாலைந்து கடிதத்துக்கு ஒரு தரம் அந்தக் கேள்வி வந்தது. அப்பா என்னைக் கேட்டாரா? தெரிந்தால் போதும் அக்கா, வேறெதுவும் வேண்டாம்.

நாற்பத்தோராவது கடிதத்தில், வேலை விஷயமாக அவள் இருக்கும் ஊருக்கு வருவதாகவும், சரி என்று ஒரு சொல் எழுதினால் வீட்டுக்கு வருவதாகவும் இருந்தது. நாற்பத்து இரண்டாவது, திரும்பிப் போன பிறகு எழுதியது. "மனசு கேக்கல. நம்ம தெரு வரைக்கும் வந்தேன். நீ வெளியே வந்து துணி எடுத்துட்டு உள்ள போனே. இளைச்சுப் போயிருக்கே. கூப்பிடலாம்னு வாயைத் திறந்தேன். நீ பதில் போடாததே பதில்தானேன்னு திரும்பிட்டேன்."

அக்கா எழுந்து சன்னலண்டை போய் நின்றாள். எதிர்ப்பக்கம் மின்கம்பம், தையற்கடை, டீச்சர் வீட்டு கேட். எந்த இடத்தில் நின்றிருப்பான் என்று தெரியவில்லை. அன்று என்ன துணி எடுத்தாள் என்றும் நினைவில்லை.

அதற்குப் பிறகு கடிதங்கள் குட்டையாகிக்கொண்டே போயின. அறுபத்து மூன்றாவதன் தேதி இரண்டு வருஷம் மூன்று மாதத்துக்கு முந்தையது. "இனிமே எழுதி உன்னைத் தொந்தரவு பண்ணலை. கோபம் இல்லை அக்கா. உடம்பைப் பார்த்துக்கோ."

வெயில் சாய்ந்து மேசையை விட்டு இறங்கிவிட்டது. அவள் பதில் எழுத உட்கார்ந்தாள். மன்னிப்பு, விளக்கம் எல்லாம் அப்புறம். ஆறு வருஷமாகப் பதில் கிடைக்காத கேள்விக்கு முதல் வரியிலேயே பதில் சொன்னாள். "அப்பா உன்னைக் கேட்டார். சின்னவன் ரயில் ஏறிட்டானான்னு கேட்டார்." அதற்கு மேல் விதியைப் பற்றி, மறதியைப் பற்றி, உள்ளது உள்ளபடி எழுதினாள். அனுப்பு என்று அழுத்தினாள். அனுப்ப முடியவில்லை என்று வந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதே.

சொன்னபடி ஸ்குரு சாயங்காலம் வந்து பார்த்தார். "வாங்கறதுக்கு ஒரு கதவு, அனுப்பறதுக்கு ஒரு கதவு. அனுப்பற கதவு நம்பரை நான் தப்பா போட்டுட்டேன் அக்கா. மன்னிச்சுக்கங்க. அவசரமா?"

"ரொம்ப நாள் ஆயிடுச்சு" என்றாள் அக்கா.

கடிதம் போனது. எட்டு நாள் பதில் இல்லை. ஒன்பதாம் நாள் வந்தது. "அன்புள்ள அக்காவுக்கு, உங்கள் கடிதம் கிடைத்தது. அப்பா கேட்டதைச் சொன்னதற்கு நன்றி. நீங்கள் நலமாக இருப்பது குறித்து மகிழ்ச்சி. நாங்களும் நலம்." பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவளை நீ, வா, போ என்று கூப்பிட்டவன். அலுவலகத்துக்கு எழுதுவது போல எழுதியிருந்தான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அடுத்த மாதம் டிக்கெட் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். வரட்டுமா என்று எழுதிக் கேட்டதற்கு, "தாராளமாக வாருங்கள்" என்று பதில் போட்டிருந்தான். ஸ்டேஷனுக்கு வந்து பெட்டியை வாங்கிக்கொண்டான். முன்மண்டை நிஜமாகவே அப்பா மாதிரி ஆகியிருந்தது. வீட்டில் கதவைத் திறந்த பெண்ணுக்குப் பதினோரு வயது இருக்கும். "உள்ள வாங்க ஆன்ட்டி" என்றாள். தம்பி மனைவி பதறிப்போய், "அத்தைன்னு சொல்லு" என்றாள். குழந்தை சரி என்று தலையாட்டினாலும், அங்கே இருந்த மூன்று நாளும் அத்தை என்றோ ஆன்ட்டி என்றோ கூப்பிடாமல் கிட்டே வந்து நின்றே பேசியது.

இரண்டாம் நாள் சாயங்காலம் தம்பி மொட்டைமாடிக் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தான். அக்கா மெல்ல ஏறிப் போனாள்.

"ஒண்ணு நான் எழுதல. பாதிதான் எழுதினேன்."

"சொல்லுங்க."

"அப்பா நீ ரயில் ஏறிட்டியான்னு கேட்டார்ல? எனக்கு உன் மேல ஆத்திரம். ராத்திரி பகல்னு தூக்கம் இல்ல. அவனுக்கு வேலை இருக்கும்ப்பா, வரமாட்டான்னு சொல்லிட்டேன். அப்பா சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார். அதுக்கப்புறம் பேசல. அன்னைக்குக் கூடத்துல நீ அப்படிச் சொன்னப்போ எனக்குச் சுருக்குன்னது அதனாலதான். நீ சொன்ன தப்பை நான் பண்ணல. வேற தப்பு பண்ணியிருந்தேன்."

தம்பி கையிலிருந்த சட்டையை உதறினான். மடித்தான். இன்னொன்றை எடுத்தான்.

"நான் அப்போ ரயில்லதான் இருந்தேன்" என்றான். குரலில் கோபம் இல்லை. கணக்கில் எங்கோ விட்டுப்போன ஒன்றைச் சரிபார்ப்பவன் போலச் சொன்னான். கடைசித் துணியையும் எடுத்துவிட்டு, "இதை அப்பவே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சண்டை போட்டு, அழுது, முடிச்சிருப்போம்" என்றான். துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, "படி உயரமா இருக்கும், பார்த்து இறங்குங்க" என்று அவளுக்கு முன்னால் இறங்கினான்.

மூன்றாம் நாள் ரயில் ஏற்றிவிட்டுத் தண்ணீர் பாட்டிலும் வாங்கிக் கொடுத்தான். "எழுதுவியா?" என்று சன்னல் கம்பி வழியாகக் கேட்டாள். "எழுதறேங்க்கா" என்றான்.

சொன்ன சொல் தவறவில்லை. மாதம் ஒன்று வருகிறது. வந்த நிமிஷமே கையிலிருக்கும் புத்தகத்தை அப்படியே விட்டுவிட்டு அக்கா அதைத் திறக்கிறாள். நாலைந்து வரி இருக்கும். அங்கே மழை, அலுவலகத்தில் ஆள் குறைவு, பெண்ணுக்குப் பரீட்சை. மரியாதைக்கு ஒரு குறையும் இருக்காது. கேள்வி மட்டும் ஒன்றும் இருப்பதில்லை.